ஈரப்பலா இலை எடுக்க வந்தவர்

என் வீட்டு முற்றத்தில் ஒரு மனிதனின் கை முறிந்தது ஈரப்பலா இலையால். சும்மா சொல்லவில்லை. அந்த மரம் இல்லாவிட்டால் இலை இல்லை, இலை இல்லாவிட்டால் லொறி இல்லை, லொறி வராவிட்டால் அந்தச் சொல்லும் என் கேற்றடிக்கு வந்திருக்காது. எத்தனையோ தரம் அந்த மரத்தடியில் நின்று, “நாசமாப் போவாய்” என்று ஏசியிருக்கிறேன். அது தன்பாட்டுக்கு இன்னொரு இலையை என் தலையில் போடும்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. என் கணவர் செத்தபோது விட்டுப்போனது அந்த வீடும் அதன் முன்னால் நிற்கும் மரமும்தான். இரண்டு பக்கமும் பிளாட்ஸ் எழும்பிவிட்டதால் என் முற்றம் மட்டும் பள்ளத்தில் கிடக்கிறது. பின்குசினியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறேன். ஈரப்பலா இலையைக் கூட்டி அள்ளியவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். ஒவ்வொன்றும் சோற்றுக் கோப்பையைவிடப் பெரியது, தோல்போலத் தடித்தது. காய்ந்து விழும்போது யாரோ மதிலால் குதித்த சத்தம் கேட்கும். மழை பெய்தால் மல்லாந்து கிடந்து தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீரில் நுளம்பு முட்டை போடும். நுளம்பு பார்க்க வருகிற சுகாதாரக்காரர் மரத்தை விட்டுவிட்டு என்னை ஏசுவார்.

குப்பை லொறி இந்த இலையைத் தொடாது. உக்கி மண்ணாகிற குப்பை ஒரு நாள், உக்காத குப்பை இன்னொரு நாள் என்று பிரித்து வைக்கச் சொல்வார்கள். வைத்தேன். “இலை உக்காதோ?” என்று கேட்டேன். இது குசினிக் குப்பைக்கான லொறி, தோட்டத்துக் குப்பைக்கு வேறு ஆள் பிடித்துக் காசு கொடுக்க வேண்டும் என்று லொறியில் நின்றவன் சொன்னான். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. இலைப் பையைத் தூக்கி லொறிக்குள் எறிந்தேன். அவன் திருப்பி எறிந்தான். நான் மறுபடி எறிந்தேன். பை கிழிந்து ஒழுங்கை முழுக்க இலை பறந்தது. நான் விளக்குமாறைத் தூக்க, அவன் குப்பை அள்ளுகிற சவளைத் தூக்கினான். இரண்டு பேரும் ஆளையாள் முறைத்துக்கொண்டு நின்று கடைசியில் களைத்துப்போனோம். அப்போது அவன்தான் சொன்னான், கொழும்பின் மற்றத் தொங்கலிலுள்ள முகத்துவாரத்திலிருந்து ஒருவர் குட்டி லொறியில் வருகிறார், தோட்டக் குப்பை மட்டும் ஏற்றுவார் என்று. சொல்லிவிட்டுக் கையை நீட்டி, “சந்தோசம்” என்றான். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குக் கைக்குள் வைக்கிற காசு என்று அர்த்தம். எங்களிடமிருந்து போன சொல் அங்கே போய் என்னவாகியிருக்கிறது, பாருங்கள். நான் சந்தோசம் கொடுத்தேன், வயிறெரிந்துகொண்டு.

முகத்துவாரத்துக்காரர் சிங்களவர், என்னைவிட வயது குறைந்தவர். நான் அவரை மல்லி என்பேன், தம்பி என்கிற மாதிரி. அவர் என்னை அக்கே என்பார். சனிக்கிழமைகளில் கேற்றடியில் நின்று ஊருக்கே கேட்கிற குரலில் கூப்பிடுவார்: “அக்கே! கொல கன்ன ஆவா!” இலை எடுக்க வந்திருக்கிறேன் என்று அர்த்தம். சிங்களத்தில் இலைக்குக் கொல என்று பெயர். கல்யாணம் கட்டிக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்கிற சொல் அது. கீரைக்காரனும் அதைத்தான் கூவுவான். என் காதில் அது ஒருநாளும் வேறு எதுவாகவும் விழுந்ததில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என் தம்பி வந்தான். கூடப்பிறந்தவன். நான் கொழும்பில் சிங்களம் பழகிய காலமெல்லாம் அவன் வன்னியில், யுத்தத்துக்குள் இருந்தான். யுத்தம் முடிந்தபோது அவனுக்கென்று மிஞ்சியது அவன் மட்டும்தான். கண்ணில் ஒரு சத்திரசிகிச்சைக்கென்று கிளிநொச்சியிலிருந்து வந்தவனை, “இனி எங்கை போகப்போறாய், இஞ்சையே கிட” என்று நான்தான் மறித்து வைத்தேன். அவனுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. படிக்கவும் மாட்டேன் என்றான். கேற்றடியில் ஆரும் சிங்களத்தில் கதைத்தால் எழும்பி வீட்டின் பின்பக்கம் போய்விடுவான்.

இலைக்கு நான் காசு கொடுக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் அவன் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டும்.

“உனக்கென்ன விசரே அக்கா? இலையையும் குடுத்துக் காசும் குடுக்கிறியோ? அவன் அதைக் கொண்டுபோய் உக்கப்போட்டுப் பசளையெண்டு விப்பான். நீ பிறகு ரோட்டுக்கரையில பூக்கண்டுக்காரனிட்டை அதையே காசு குடுத்து வாங்குவாய்.”

அது நடந்த விஷயம்தான். முந்தின மாதம்தான் கறிவேப்பிலைச் சட்டிக்கு ஒரு பை பசளை வாங்கியிருந்தேன். முகத்துவாரத்து மல்லிக்குப் போன் எடுத்து, இனி வரவேண்டாம் என்று சொன்னேன். என் தம்பி ஒருநாளும் அவர் முகத்தைப் பார்த்ததுமில்லை, குரலைக் கேட்டதுமில்லை.

வீட்டில் கறுப்புப் பிளாஸ்ரிக் கொம்போஸ்ட் பீப்பாய் ஒன்று இருந்தது. “உதுக்குள்ள உன்ர தலையைத்தான் உக்கப்போடலாம்” என்று தம்பி அதை உதைத்துத் தள்ளினான். பின்மதிலோரம் நாலு கம்பு நட்டு, கம்பிவலை சுற்றி, கூடு மாதிரி ஒன்று கட்டினான். ஈரப்பலா இலையை அப்படியே போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுப் போகாது என்று ஒவ்வொன்றையும் குற்றியில் வைத்துக் கத்தியால் வெட்டினான். வெட்டுகிற சத்தம் விடியலிலேயே தொடங்கிவிடும். அவன் இலையைத்தான் வெட்டுகிறான் என்று எனக்குச் சிலவேளை நம்ப முடிவதில்லை, அவ்வளவு வேகம். வெட்டிய இலை, அதன்மேல் மண், அதன்மேல் குசினிக் கழிவு என்று அடுக்கினான். மண்வெட்டியால் அடிக்கடி புரட்டினான். முதல் குவியல் நல்லாய்த்தான் வந்தது. கையில் அள்ளி என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, “மணந்து பார், மழைக்குப் பிறகு மண் மணக்கிற மாதிரி இருக்குதே?” என்றான். அன்றைக்குத்தான் அவன் இந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல்தரம் சிரித்தான்.

கெடுத்தது நான். தேங்காய்ப்பூச் சக்கை போடலாம் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். மிஞ்சின சொதியும் மீன்செதிலும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவன் பார்க்காத நேரம் அதையும் கொட்டினேன். குவியல் நாறத் தொடங்கியது. எலி வந்தது. பிளாட்ஸ் பல்கனிகளிலிருந்து ஏச்சு வந்தது, தமிழ் ஏச்சுத்தான், எல்லாம் எங்கட ஆட்கள். பிறகு மேலேயிருந்து பொருட்கள் வரத் தொடங்கின. முதலில் குழந்தைகளின் நப்பி, பிறகு போத்தல். ஒருநாள் குவியலைக் காலால் மிதித்தபோது உடைந்த போத்தல் தம்பியின் உள்ளங்காலை வெட்டிக் கிழித்தது. இரத்தம் வழிய வழிய நின்று, ஒரு கல்லை எடுத்து மேலே விட்டான். பல்கனிக் கண்ணாடி கொட்டுண்டது. மேலேயிருந்தவர் இறங்கிவந்து அவன் சேட்டைப் பிடிக்க, இவன் அவர் கழுத்தைப் பிடிக்க, நான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் அடி வாங்கினேன்.

அன்று பின்னேரம் குவியலில் மீன்செதிலைக் கண்டுபிடித்துவிட்டான். குசினிக்குள் வந்து, அவித்து வைத்திருந்த இடியப்பத் தட்டுகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டான். “நான் உயிர்ப்பிச்சுக் கொண்டந்ததை நீ பிணமாக்கிப்போட்டாய்” என்று கத்தினான். நான் அகப்பைக் காம்பால் அவன் முதுகில் விளாசினேன். வளர்ந்த மனிசன், தலை நரைத்தவன். திருப்பி அடிக்கவில்லை. மண்ணில் கிடந்த இடியப்பத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டுபோய்க் குவியலில் போட்டான்.

எனக்கு வெறுத்துப்போய்விட்டது. அவனுக்குத் தெரியாமல் முகத்துவாரத்துக்குப் போன் எடுத்தேன். வந்து நாற்றத்தோடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகட்டும், மதிலுக்கு மேலால் தொங்குகிற கொப்பையும் தறிக்கட்டும் என்றேன். தம்பி வெள்ளிக்கிழமைகளில் காலையில் கோயிலுக்குப் போவான். அந்த நேரம் பார்த்து வரச்சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் போகவில்லை. கால் காயம் ஆறவில்லை என்று பின்பக்கம் குவியலைப் புரட்டிக்கொண்டு நின்றான். நான் அடுப்படியில் நின்றேன். பெரிய பானையில் தண்ணீர் கொதித்த சத்தத்தில் எனக்கு லொறி வந்ததும் கேட்கவில்லை, கேற் திறந்ததும் கேட்கவில்லை. கூப்பிட்டது மட்டும் கேட்டது.

“அக்கே! கொல கன்ன ஆவா!”

வாறன் மல்லி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முற்றத்தில் ஒரு சத்தம். விறகு முறிகிற சத்தம். பிறகு ஒரு மனிதன் வாயிலிருந்து வரக்கூடாத சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மல்லி நிலத்தில் கிடந்தார். கொப்புத் தறிக்கக் கொண்டுவந்த நீளக் கத்தி ஒரு பக்கம் கிடந்தது. அவர் முகத்துக்கு முன்னால் மறித்த கை, முழங்கைக்குக் கீழே மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. எலும்பு தோலை உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு நின்றது, மண்வெட்டி விளிம்பு பட்ட இடத்தால் இரத்தம் ஓடியது. என் தம்பி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மற்ற அடிக்கு ஓங்கிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் கத்தினான்:

“அக்கா, உள்ளுக்குப் போ! உள்ளுக்குப் போய்ப் பூட்டு! உன்னைக் கொலை பண்ண வந்திருக்கிறான்!”

எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. அக்கே, கொல கன்ன. அக்கா, கொலை பண்ண. கையில் கத்தியோடு, அவனுக்குத் தெரியாத பாஷையில், கேற்றைத் திறந்துகொண்டு வந்த ஒருவனின் வாயில் அவனுக்குத் தெரிந்த இரண்டே இரண்டு சொற்கள்.

“டேய், இலையடா! இலை!” என்று நான் அவன் கையில் தொங்கினேன். அவன் என்னை உதறினான். நான் மரத்தில் போய் மோதினேன்.

மல்லி போட்ட சத்தத்தில் சந்தியில் நின்ற ஓட்டோக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது, இரத்தத்தில் கிடக்கிற ஒரு சிங்களவரையும் மண்வெட்டியோடு நிற்கிற ஒரு தமிழனையும். வேறு ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒருவன் மண்வெட்டியைப் பறித்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். தம்பி விழுந்தான். விழுந்தவன்மேல் எத்தனை கால் ஏறியது என்று நான் எண்ணவில்லை. “கொட்டியா!” என்று ஒரு குரல் கேட்டது. புலி என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்ததும் அடியின் சத்தமே மாறியது. அடித்தவர்களில் தமிழ் ஓட்டோக்காரனும் ஒருவன் இருந்தான். என்னிடம் கடனுக்கு இடியப்பம் வாங்கித் தின்கிறவன். பல்கனிகளில் எங்கட ஆட்கள் நிறைந்து நின்றார்கள். ஒரு சனமும் கீழே இறங்கவில்லை. கண்ணாடி உடைபட்டவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்.

தம்பியின் வாய் உடைந்து இரத்தம் வந்தது. அந்த வாயால் அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. “பூட்டு அக்கா, பூட்டு” என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தான்.

குசினிக்கு ஓடினேன். பூட்டுவதற்கல்ல. கொதிக்கிற பானையைச் சீலையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் காலடியில் ஊற்றினேன். என் கையும் வெந்தது. குதித்தார்கள், அலறினார்கள், ஒருவன் செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். மிச்சத் தண்ணீரோடு தம்பிக்கு மேலே காலை அகட்டி நின்று, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கத்தினேன். கிட்ட வந்தால் முகத்தில் ஊத்துவேன், உங்கள் அம்மாமார் உங்களை அடையாளம் காணமாட்டார்கள் என்றேன். உங்களுக்குக் கொல என்றால் இலை, எங்களுக்கு அது மனிதனைச் சாக்காட்டுகிறது, என்ரை தம்பிக்கு உங்கட பாஷை தெரியாது, அக்காவைக் கொல்ல வந்ததாக நினைத்துவிட்டான் என்றேன். தொண்டை கிழிந்து குரல் போனது. அவர்கள் விளங்கிக்கொண்டு நின்றார்களா, பானைக்குப் பயந்து நின்றார்களா என்று எனக்குத் தெரியாது. பொலிஸ் வரும்வரைக்கும் நின்றார்கள்.

பொலிசில் தம்பியைச் சுவரோரத்து மரவாங்கில் இருத்தினார்கள். ஒரு கண் மூடியிருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஒரு பயம்தான். கை முறித்த வழக்கு என்று எழுதினால் மறியலென்று சிறைக்குள் போடுவார்கள். கிளிநொச்சி அடையாள அட்டையோடு இவன் மறியலுக்குப் போனால் கேள்வி கையோடு நிற்காது. எங்கே இருந்தாய், ஆரோடு இருந்தாய், எப்போது சரணடைந்தாய் என்று பழையதெல்லாவற்றையும் கிண்டுவார்கள். ஒருதரம் அப்படிக் கிண்டுப்பட்டு வெளியே வந்தவன் அவன். இன்னொருதரம் போனால் ஆளாகத் திரும்பமாட்டான். எல்லாம் மல்லியின் வாயில் தொங்கியது. அவர் வழக்கு வேண்டாம் என்றால் விடலாம், வேண்டும் என்றால் விடமுடியாது என்று பொலிஸ்காரர் நேரே சொன்னார்.

மல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கையில் கட்டோடு வர அடுத்த நாளாகிவிட்டது. நான் சொல்லின் கதையை மறுபடி சொன்னேன். பொலிஸ்காரர் கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிச் சிரித்தார். மல்லி சிரிக்கவில்லை. எழும்பி, தம்பிக்கு முன்னால் போய் நின்று, நல்லாயிருந்த கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். எங்கள் எல்லோருக்கும் காது அடைத்தது. இன்னொன்று அறைந்தார். தம்பி முகத்தைத் திருப்பவில்லை.

“இந்தக் கையாலைதான் என்ர வீட்டில சோறு” என்று முறிந்த கையைக் காட்டிச் சிங்களத்தில் என்னிடம் சொன்னார். “மறியல்ல இவன் சும்மா இருந்து தின்பான். எனக்கு என்ன வரும்? என்ர கை பொருந்துமட்டும் இவன் வந்து என்ர லொறியில ஏத்தட்டும். வராத நாளைக்கு நான் இஞ்ச வந்து வழக்கு எழுதுவன்.”

நான் தம்பிக்குத் தமிழில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல், “ஓம் எண்டு சொல்லு” என்றான்.

வெளியே வந்ததும் எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் வாயால் வந்தது. “கழுதை! எத்தினை வருஷமா நான் கேக்கிற சொல்லடா அது! எனக்கு ஒருநாளாவது அப்பிடிக் கேட்டுதே? விசரன்தான் இலையைக் கொலையெண்டு கேப்பான்” என்று ரோட்டில் வைத்துக் கத்தினேன். அவன் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

மல்லி அவனை மாடு மாதிரி வேலை வாங்கினார். கோபம் அவருக்கு ஆறவில்லை, ஆறவேண்டிய கட்டாயமும் இல்லை. முன்சீற்றில் இருக்க விடாமல் பின்னால் இலைக்குமேல் ஏற்றிக்கொண்டு திரிந்தார். முகத்துவாரத்தில் அவருடைய வளவில் மலைமாதிரிக் குவியல் இருக்கிறதாம். தம்பி அன்றைக்கே சொன்னது சரி, உக்கவைத்துப் பசளையாக விற்கிறாராம். கை முறிந்த கோபத்தில் குவியலைப் புரட்டும்போது பக்கத்தில் நின்று ஏசிக்கொண்டேயிருப்பாராம். “ஏச்சில இருந்துதான் சிங்களம் படிக்கிறன்” என்று தம்பி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். கண்ணைத் தூக்காமல்தான் சொன்னான். கேற்றுக்கேற்றாய் நின்று கூப்பிடுவதும் அவன் வேலைதான். கூப்பிடும் சொல் உங்களுக்குத் தெரியும். எந்தச் சொல்லுக்காக ஒருவன் கையை முறித்தானோ அந்தச் சொல்லை வெள்ளவத்தை முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தான். நான் அதைக் கடைகளில் சொல்லிச் சிரித்தேன்.

எங்கள் ஒழுங்கையை மல்லி கடைசிமட்டும் தவிர்த்துவந்தார். ஒரு மழைநாளில், முற்றம் முழுக்க இலை விழுந்து கிடந்தபோது, லொறி வந்தது. எனக்குத் தெரியாது. இடியப்ப உரலில் மா பிழிந்துகொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. மழைச்சத்தத்துக்குள்ளால் கேற் கிரீச்சிட்டது. பிறகு ஒரு ஆண்குரல், தடித்த குரல்:

“அக்கே! கொல கன்ன ஆவா!”

என் தம்பியின் குரல் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலை அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். சொல்லின் அர்த்தமும் தெரியும். தெரிந்தும் என் கால் ஓடியது. உரல் விழுந்து மா சிதறியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கதவில் கொடுத்து நின்றேன். முன்பு ஒருநாள், தமிழ்ச் சனத்தைத் தேடிக் கலவரக்காரர் கத்தியோடு வந்தபோது, இதே ஒழுங்கையில், இதே கதவுக்குப் பின்னால், என் கணவரோடு நான் இப்படி நின்றிருக்கிறேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. தம்பிக்கும் சொன்னதில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவடியில் நின்றது. அவன் தாழ்ப்பாள் விழுந்ததைக் கேட்டிருக்கிறான். கதவைத் தட்டவில்லை.

“அக்கா” என்றான், மெல்ல, தமிழில். “இப்ப விளங்குதே?”

தாழ்ப்பாளைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.